ஷோடெக்கை மேடையில் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தொடங்கியவர், ஐந்தோவன்:

நான் கோயம்புத்தூர்க்காரன். 2012 கடைசியில் வேலைக்காக நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு வந்தேன். வாடகை வீட்டில் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டு டச்சுப் பையன் சனிக்கிழமை காலையில் பாட்டுப் போட்டால் எங்கள் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். மூன்றாவது வாரம், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம் என்று போய்க் கதவைத் தட்டினேன். காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டான். வீடு திரும்ப ஒரு மணி நேரம் ஆனது.

அன்று ஓடியது ஷோடெக் என்ற டச்சு டிஜே இரட்டையரின் 'எஃப்.டி.எஸ்' பாட்டு. 2007இல் வந்தது. "இவங்க ரெண்டு பேரும் இந்த ஊர்தான்" என்றான். வௌட்டர் யான்சன், ஷூர்ட் யான்சன். கூடப்பிறந்தவர்கள். எங்கள் தெருப் பையன் ரஞ்சி அணியில் ஆடுகிறான் என்று எங்கள் ஊரில் சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னான். அவர்கள் செய்தது ஹார்ட்ஸ்டைல், வேகமான மின்னணு நடன இசையில் ஒரு வகை. அந்த வார்த்தையையே அன்றுதான் முதலில் கேட்டேன். நிமிடத்துக்கு 150 பீட். அதாவது 0.4 விநாடிக்கு ஒரு அடி. அதுவரை எனக்கு அது வெறும் இரைச்சல். அவன் மேஜையில் விரலால் தட்டிக் காட்டிய பிறகுதான், அடிக்கும் அடிக்கும் நடுவில் ஒரு பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, உள்ளே இழுத்துக்கொண்டு வருவது காதில் விழுந்தது.

2013 கோடையில் அவனோடு ஒரு திறந்தவெளி நிகழ்ச்சிக்குப் போனேன். ஷோடெக் மேடை ஏறியதும் கூட்டம் குதித்தது. 'கேனன்பால்', 'பூயா' என்று அந்த வருடம் எல்லா இடத்திலும் ஒலித்த பாட்டுகள். என் பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "128" என்றான், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 22 பீட் குறைந்ததற்கு ஒருவன் இவ்வளவு வருத்தப்படுவானா என்று எனக்குப் புரியவே இல்லை.

கடைசி சில நிமிடங்களில் இசையை அப்படியே நிறுத்தினார்கள். 128லிருந்து 150க்கு மெதுவாக ஏற்றிக்கொண்டு போவது கஷ்டம், பாட்டு நடுவில் கோணலாகிவிடும். அதனால் வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். ஒரு நொடி மௌனம். அப்புறம் 'எஃப்.டி.எஸ்'. ஒரு மணி நேரம் அசையாமல் நின்றவன் கால்களை மாற்றி மாற்றி உதைத்து ஆடத் தொடங்கினான். முகமெல்லாம் கண்ணீர். நான் ஊரில் தேரோட்டத்தில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு இசை நிகழ்ச்சியில் அப்படி ஒருவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

நீங்கள் எந்தக் காலத்து ஷோடெக்கைக் கேட்டீர்கள்?


வட ஹாலந்திலிருந்து ஒருவர்:

அண்ணை, உங்கட பக்கத்து வீட்டுக்காரன் அழுததை நான் நம்புகிறேன். நானும் அந்தக் கூட்டத்துப் பெடியன்தான். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள், நான் இங்கே பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த டச்சுப் பெடியங்கள் எல்லாரும் ஹார்ட்ஸ்டைல்தான் கேட்பார்கள். 2007இல் 'டுடே இஸ் டுமாரோ' ஆல்பம் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. 2009இல் 'அனலாக் பிளேயர்ஸ் இன் எ டிஜிட்டல் வேர்ல்ட்' வந்த வருடம்தான் முதல் தடவையாக இரவு நிகழ்ச்சிக்குப் போக வீட்டில் விட்டார்கள். அப்பா காரில் கொண்டுபோய் இறக்கினார். விடியக் காலமை வந்து கூட்டிக்கொண்டு போனார். பஞ்சு வைத்துக்கொள் என்று அம்மா தந்ததை வாசலில் எறிந்துவிட்டு, உள்ளே போய்க் காசு கொடுத்துக் காதடைப்பான் வாங்கினேன்.

அந்த மண்டபத்தில் எல்லாரும் ஒரே மாதிரித்தான் ஆடினோம். றொட்டர்டாமில் தொண்ணூறுகளில் கபர் இசையோடு வந்த கால் ஆட்டம் அது. நிறம், பெயர் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு நெதர்லாந்து என்னுடைய நாடு என்று முதலில் பட்டது அங்கேதான்.

அதனால் 2012இல் அவர்கள் வேகத்தைக் குறைத்ததும் கோபம் வந்தது. டிஜே டியெஸ்டோவின் இசை வெளியீட்டு நிறுவனத்தில் 'கேனன்பால்', அடுத்த வருடம் 'பூயா' பிரிட்டன் தரவரிசையில் 5ஆம் இடம், 2014இல் பிரெஞ்சு டிஜே டேவிட் கெட்டாவோடு 'பேட்'. சுப்பர்மார்க்கெட்டில் பால் எடுக்கும்போதும் அதுதான் பாடியது. எங்களிடம் இருந்ததை எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது முப்பது தாண்டிவிட்டது, கோபம் இல்லை. ஆனால் 'பேட்' பாட்டை இன்றைக்கும் முழுதாகக் கேட்டதில்லை.


ஐந்தோவனில் ஒலிப்பொறியியல் படிப்பவர்:

அண்ணா, நான் அவர்களை 128 காலத்தில்தான் கேட்கத் தொடங்கினேன். மதுரையில் பள்ளி முடித்த வருடம் 'பூயா'. பிறகு இங்கே படிக்க வந்து, பழைய பாட்டுகளைப் பின்னோக்கிப் போய்க் கேட்டேன். எனக்கு அது கட்சி மாறியதாகத் தெரியவில்லை. ஹார்ட்ஸ்டைலில் கிக், அதாவது அந்தக் கனமான டிரம் அடி, வெறும் தாளம் இல்லை. அதை டிஸ்டார்ஷனில், அதாவது வேண்டுமென்றே ஒலியைச் சிதைத்து, கசக்கி, அதன் வாலைப் பாட்டின் சுருதிக்குச் சேர்ப்பார்கள். மத்தளத்துக்குச் சுருதி சேர்ப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கேனன்பால்' பாட்டில் மெட்டு கிட்டத்தட்ட கிடையாது, அந்த அடிதான் எல்லாமே. பல வருடம் 150இல் கிக் செய்து பழகிய கை இல்லாமல் 128இல் அந்தக் கனம் வராது. ஷோடெக்கின் 'கெட் லூஸ்' பாட்டில் நாய்ஸ்கண்ட்ரோலர்ஸும் கூட இருந்தார்கள், அவர்களும் ஹார்ட்ஸ்டைல்காரர்கள்தானே.

இன்னொன்று. இந்த ஊரில் இப்படி இருவர் இயந்திரத்தை வைத்து இசை செய்வது புதிதில்லை. ஸ்ட்ரைப் பகுதியில் பிலிப்ஸின் நாட்லாப் ஆய்வகம் இருந்தது. 1950களின் கடைசியில் அங்கே டிக் ராய்மாக்கர்ஸும் டாம் டிசெவெல்ட்டும் ஒலி உண்டாக்கும் ஆஸிலேட்டர் கருவியையும் டேப்பையும் வைத்து, வெட்டி ஒட்டி மின்னணு இசை செய்தார்கள். 'டிக் நாட்லாப்' என்பதைத் திருப்பிப்போட்டு 'கிட் பால்டன்' என்று ராய்மாக்கர்ஸ் புனைபெயர் வைத்துக்கொண்டார். கட்டடம் இப்போது திரைப்பட அரங்கு. படம் பார்க்கப் போனால் கொஞ்ச நேரம் வெளியே நிற்பேன். யான்சன் சகோதரர்கள் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே இந்தத் தெருக்களில் அந்த ஒலி இருந்திருக்கிறது.


தொடங்கியவர்:

வட ஹாலந்துத் தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அவன் ஏன் கை கட்டி நின்றான் என்பது பத்து வருடம் கழித்து இப்போதுதான் விளங்குகிறது. நன்றி.

பக்கத்து வீட்டுக்காரன் 2016இல் டில்பர்க் போய்விட்டான். போகும்போது 2009 ஆல்பத்தின் சிடியை என்னிடம் கொடுத்தான். எங்களிடம் பிளேயர் இல்லை. பழைய பொருள் கடையில் ஒன்று கிடைத்தது, பிலிப்ஸ். மதுரைத் தங்கை நாட்லாப் பற்றிச் சொன்ன பிறகு இன்று காலை அதைத் துடைத்து மேலே எடுத்து வைத்தேன். முதல் பாட்டு ஓடும்போதே டம்ளர்கள் கிணுகிணுத்தன. இந்த முறை என் மகன் வந்து அலமாரியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.