புதுப்பிப்பு: கிண்டி டீ-ஷர்ட் அச்சாகி வந்துவிட்டது

கிண்டி தேசியப் பூங்காவை வைத்து நான் வரைந்த வெளிமானுக்குக் கொம்பில் கிளை இருக்கிறதே என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். அவர் சொன்னது சரி. கிளை விடுவது புள்ளிமான் கொம்பு. அது விழுந்து விழுந்து முளைக்கும். வெளிமானுக்கு முறுக்கிய கொம்பு, அதுவும் கடைசிவரை அதேதான். மறுபடி வரைந்தேன்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் மையைத் துணியில் இறக்க வலை கட்டிய தனிச் சட்டம் வேண்டும், செலவு ஏறும். அதனால் இரண்டே நிறம்: கறுப்பும் வெள்ளையும். கறுப்புத் துணியில் ஆண்மானின் கறுத்த முதுகு மறைந்துபோனது. துணியை வைக்கோல் நிறத்துக்கு மாற்றியதும் கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் பளிச்சென்று தெரிகிறது, எனக்குப் பிடித்ததே அதுதான்.

அப்புறம், முதுகுப்பக்கம் '1978'. ஆளுநர் மாளிகையை ஒட்டிய இந்தக் காடு தேசியப் பூங்காவான ஆண்டு.