ஒரே கதை, ஆளுக்கொரு கருத்து: வீட்டு வாசிப்புக் குழுவில் ஒரு மாலை

தம்பி (6:42): பொன்னியின் செல்வன் முதல் பாகத்துக்கு நம்ம குழுவிலேயே ரெண்டு துருவமா கருத்து. சித்தி "கீழே வைக்க மனசு வரல"ங்கிறாங்க. அண்ணன் "இழுக்குது, சொன்னதையே சொல்லுது"ங்கிறாரு. சிறுகதைத் தொகுப்புக்கும் அதே கதை, "முடிவே இல்லாம நின்னுடுச்சு"ன்னு பாதிப் பேர். ஒரே எழுத்துக்கு எப்படி இவ்வளவு வித்தியாசம்?

பெரியப்பா (6:49): உங்க அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 1950லேர்ந்து 1954 வரைக்கும் கல்கி இதழ்ல வாராவாரம் வந்த தொடர் அது. ஒரு வாரம் காத்திருந்தவங்களுக்குப் போன அத்தியாயம் பாதி மறந்திருக்கும், அதனால நினைவூட்டல் வரும். அடுத்த இதழையும் வாங்க வைக்கணும், அதனால அத்தியாயம் ஒரு முடிச்சுல போய் நிக்கும். முப்பது அத்தியாயத்தை ஒரே மூச்சுல படிச்சா அந்த நினைவூட்டலும் முடிச்சும்தான் கண்ணுல குத்தும்.

பெரியப்பா (6:50): நாளைக்கு மூணு நாலு அத்தியாயம் போதும். முடிச்சு விழுற இடத்துல மூடி வைக்கணும்.

அண்ணி (6:53): எந்தப் பதிப்புன்னும் கேட்கணும் மாமா. நாட்டுடைமை ஆனதால நிறையப் பதிப்பகம் போடுறாங்க, சுருக்கப் பதிப்பும் கிடைக்குது. அஞ்சு பாகமும் ஒரே ஒல்லிப் புத்தகத்துல அடங்கியிருந்தா அது சுருக்கம்தான். அதைப் படிச்சவர் "பாத்திரங்கள்ல ஆழம் இல்ல"ன்னும் முழுசும் படிச்சவர் "வர்ணனை ஜாஸ்தி"ன்னும் சொன்னா, ரெண்டு பேரும் பேசுறது வேற வேற புத்தகத்தைப் பத்தி.

சித்தி (6:55): நடுவுல விட்டுடறவங்களுக்குப் பெரும்பாலும் பேருதான் தடை. ஒரே ஆளுக்கு இயற்பேரு ஒண்ணு, பட்டப்பேரு ஒண்ணு. முதல் பக்கத்துலயே ஒரு தாள்ல வம்சத்தை எழுதி ஒட்டிடுங்க. முதலாம் பராந்தகன். அவர் பிள்ளைங்க ராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். கண்டராதித்தர் பிள்ளை உத்தம சோழர். அரிஞ்சயர் பிள்ளை சுந்தர சோழர். சுந்தர சோழருக்கு ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. இந்த அருள்மொழிதான் பின்னால ராஜராஜன். இது கையில இருந்தா யார் யாருக்கு ஏன் சிம்மாசனம் வேணும்னு தானா விளங்கிடும்.

தம்பி (6:57): 👍 எழுதிக்கிட்டேன் சித்தி

அத்தை (7:02): எனக்கு உறுத்துறது வேற. "இதெல்லாம் நடந்ததா, கட்டுக்கதையா"ன்னு ஒரே கேள்வியில மொத்தப் புத்தகத்தையும் தூக்கி எறியறாங்க. இல்லன்னா அதையே பாடப்புத்தகமா நம்பிடறாங்க. ரெண்டும் தப்பு.

பெரியப்பா (7:11): மூணாப் பிரிச்சுப் பார்க்கணும். சான்று, ஊகம், கற்பனை. ஆதித்த கரிகாலன் கொலையையே எடுத்துக்கோங்க. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில்ல கல்வெட்டு இருக்கு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பேரு அதுல வருது. அவங்க உறவுக்காரங்க நிலத்தை எடுத்துக்கிட்ட சேதியும் வருது. இது சான்று. ராஜகேசரி ரெண்டாவது ஆட்சியாண்டுன்னு போட்டிருக்கு. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரின்னு பட்டத்தை மாத்தி மாத்தி வெச்சுக்குவாங்க. உத்தம சோழன் பரகேசரி, அதனால இது 985ல பட்டத்துக்கு வந்த ராஜராஜன் காலம்னு கொள்றாங்க.

பெரியப்பா (7:13): ஏன் கொன்னாங்க, யார் தூண்டினாங்கன்னு கல்வெட்டுல ஒரு வார்த்தை கிடையாது. உத்தம சோழனுக்குப் பங்கு உண்டான்னு ஆய்வாளர்கள் ரெண்டு பக்கமும் வாதாடியிருக்காங்க, அது ஊகம். நாவல்ல வர்ற நந்தினி முழுக்கக் கற்பனை. கல்வெட்டு வாய் மூடின இடத்துலதான் நாவலாசிரியருக்கு வேலை. அங்க போய் "ஆதாரம் எங்கே"ன்னு கேட்டா பதில் வராது. கல்வெட்டு தெளிவாச் சொல்ற இடத்துல கதை மாறுதா, அதைக் கேளுங்க.

நான் (7:16): அப்போ எந்தப் பிழையைப் பெரிசா எடுத்துக்கலாம், எதை விட்டுடலாம்? சோழர் கதையில மிளகாய் வந்தாலே சிலர் புத்தகத்தை மூடிடறாங்களே.

அத்தை (7:22): மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, பப்பாளி, முந்திரி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498ல வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்ததுக்கு அப்புறம்தான் இங்க நுழைய வழியே உண்டாச்சு. சோழர் அடுக்களையில காரம்னா மிளகு. பிழைதான், ஆனா ஒரு வார்த்தையைத் திருத்தினா சரியாகிடும். கதை சாயாது.

அத்தை (7:25): தூரமும் நேரமும் தப்பினா கதையே சாயும். தஞ்சையிலேர்ந்து காஞ்சிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல. ஒரே குதிரை ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீட்டர் போனாலே நல்ல ஓட்டம். வழியில ஆறுகளும் உண்டு. குறைஞ்சது நாலஞ்சு நாள். சாயங்காலம் கிளம்பி விடியறதுக்குள்ள சேதி சேர்ந்துச்சுன்னு எழுதினா, அதை நம்பி நடக்கிற சதியும் மீட்பும் நிக்காது. வழியில குதிரை மாத்தினதாவது எழுதணும்.

சித்தி (7:27): நாழிகைக்கு 24 நிமிஷம், நாளுக்கு 60 நாழிகை. "அரை நாழிகையில கோட்டையைப் பிடிச்சான்"னு வந்தா 12 நிமிஷம்னு போட்டுப் பாருங்க.

தம்பி (7:28): பெரிய கோயில் நந்தி முன்னாடி ராஜராஜன் நிக்கிற காட்சி?

பெரியப்பா (7:30): இப்ப இருக்கிற பெரிய நந்தி நாயக்கர் காலம். கோயில் 1010ல முடிஞ்சது. அந்தக் காட்சியில நந்தி வெறும் பின்னணின்னா பரவாயில்ல, கதைத் திருப்பமே அதுல இருந்தா தப்பு.

நான் (7:34): சிறுகதைக்கு வருவோமா? "முடிவு இல்ல"ங்கிறதுக்கு என்ன சொல்றது அண்ணி?

அண்ணி (7:41): நாவல்ல சம்பவம் முடியணும்னு எதிர்பார்க்கிறது சரி. சிறுகதையில சம்பவம் முடியாமலே இருக்கலாம், யாரோ ஒருத்தரோட நிலை மாறியிருந்தா போதும். கடைசி வரியைப் படிச்சதும் மறுபடி முதல் பத்தியைப் படிங்க. அது இப்ப வேற மாதிரி தெரிஞ்சா கதை வேலை செஞ்சிருக்கு. அப்படியே தெரிஞ்சா, எழுதினவர் சும்மா நிறுத்தியிருக்கார்னு தாராளமாச் சொல்லலாம். கதையைச் சொல்றது யாரு, அவர் எதைச் சொல்லாம விட்டாருன்னும் பாருங்க. பாதி "புரியல" அங்கேயே தீரும்.

அண்ணி (7:43): தொகுப்பை வரிசையா ஒரே நாள்ல முடிக்காதீங்க. நாளுக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. ஒருத்தர் எழுதின பத்துக் கதையை அடுத்தடுத்துப் படிச்சா அவர் கை பழகின உத்தி மட்டும்தான் கண்ணுல படும். கருத்து போடுறப்ப "சிலது நல்லா இருக்கு, சிலது சுமார்"னு போடாம கதைப் பேரைச் சொல்லுங்க. எந்த இடத்துல மனசு விலகுச்சோ அந்தப் பத்தியைக் காட்டுங்க.

தம்பி (7:46): சரித்திரச் சிறுகதைதான் ரெண்டு பக்கமும் அடி வாங்குது. "ராஜாவே வரலியே"ன்னு ஒரு கூட்டம், "வரலாறு ஜாஸ்தி, கதை குறைச்சல்"னு இன்னொரு கூட்டம்.

அண்ணி (7:50): ரெண்டாவது கூட்டம் சொல்றது பல சமயம் சரி. 2000 வார்த்தைக் கதையில முதல் 500 வார்த்தை வம்சாவளிக்கும் கோட்டை வர்ணனைக்கும் போனா மிச்சத்துல என்ன செய்ய முடியும்? பேரோட மூணு நாலு ஆள், ஒரு இடம், ஒரு ராத்திரி. காலம் எதுன்னு ஒரு பொருள் காட்டிக் கொடுக்கணும்.

பெரியப்பா (8:01): முதல் கூட்டத்துக்கு நான் சொல்றேன். கல்வெட்டுகள்ல விளக்கு, நிலம், நெல்லு, நெய்க் கணக்குதான் கொட்டிக் கிடக்கு. நுந்தா விளக்கு, அதாவது அணையாம எரியற விளக்கு, ஒண்ணுக்குக் கோயிலுக்கு 96 ஆடு தானம். தஞ்சைப் பெரிய கோயில் கணக்குல அதுக்குப் பதிலா 48 பசுவோ 16 எருமையோ கொடுக்கலாம். ஆட்டை வாங்கின இடையர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்கணும். நாழிங்கிறது அந்தக் கால முகத்தல் அளவு, நேரம் சொல்ற நாழிகை இல்ல. உழக்குன்னா கால் நாழி, 360 நாளைக்கு 90 நாழி. அந்த ஆடுகளுக்குப் பேரு "சாவா மூவாப் பேராடு". ஆடு செத்தாலும் கணக்குல சாகாது, 96 எப்பவும் 96தான்.

பெரியப்பா (8:03): மழை பொய்ச்ச வருஷத்துல அந்த இடையர் வீடு எப்படி இருந்திருக்கும்? அதை அஞ்சு பாக நாவலா இழுத்தா தாங்காது. சிறுகதைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. வாரிசுச் சண்டையைச் சிறுகதையில அடைச்சா அது சுருக்கமாப் போயிடும், அதுக்கு நாவல் வேணும். நம்ம குழுவுல வர்ற மனக்குறையில பாதிக்கு மேல, ஒண்ணுகிட்ட இன்னொண்ணோட வேலையைக் கேட்கிறதால வர்றதுதான்.

அத்தை (8:05): அண்ணா, இதை மேல பின் பண்ணி வைங்க. புதுசா வர்றவங்களும் பார்க்கட்டும்.

தம்பி (8:07): நெய் அளக்க முடியாத இடையர் என்ன ஆவார் பெரியப்பா? அவருக்கு யாரு பொறுப்பு?

பெரியப்பா (8:12): தஞ்சைக் கல்வெட்டுகள்ல இடையர் பேரோட அவர் உறவுக்காரங்க பேரையும் வரிசையா வெட்டியிருக்காங்க. அவர் தவறினா அவங்க அளக்கணும். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நூல் வரிசையில ரெண்டாவது தொகுதி பெரும்பாலும் பெரிய கோயில்தான், அதுல இந்தப் பட்டியல் வருது. அண்ணன் தம்பி பேரெல்லாம் பாரு.

அண்ணி (8:14): அப்போ கதையைச் சொல்ற ஆளு இடையர் இல்ல மாமா. பிணையா நிக்கிற தம்பி.