சில்வர் மெட்டாலிக் கதவில் ஆரஞ்சுத் தோல்: தேய்த்தால் போகுமா?

மதுரைவண்டி (கேள்வி):
வணக்கம். சில்வர் ஹேட்ச்பேக். வலது பக்கக் கதவு இரண்டுக்கும் டிங்கரிங் முடித்து பெயிண்ட் அடித்து மூன்று வாரம் ஆகிறது. பேஸ் கோட் (நிறம் தரும் பூச்சு), அதற்கு மேல் டூ-கே க்ளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சு) இரண்டு கோட். நிறம் பொருந்திவிட்டது. ஆனால் டியூப் லைட்டின் பிம்பம் நேராக விழாமல் நெளிகிறது, ஆரஞ்சுத் தோல் மாதிரி. பின் கதவின் கீழே கருத்த திட்டுகளும் தெரிகின்றன. பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் 190–210 மைக்ரான் காட்டுகிறது. 1500 வாட்டர் பேப்பரில் தேய்த்து பஃபிங் போட்டால் இரண்டும் சரியாகுமா?

பெயிண்ட்பூத்:
முதலாவது சரியாகும், இரண்டாவது ஆகாது. நெளிவு க்ளியரில் இருக்கிறது. திட்டு அதற்கு அடியில், பேஸ் கோட்டில் இருக்கிறது. பேஸ் அதிக ஈரமாக விழுந்தால் அலுமினியத் துகள்கள் நகர்ந்து ஓரிடத்தில் கூடிவிடும். மேலே எவ்வளவு பஃபிங் போட்டாலும் துகள் நகராது.

190 மைக்ரானைப் பார்த்து நிறைய இடம் இருப்பதாக நினைக்காதீர்கள். அதில் ப்ரைமர், பேஸ், பட்டி இருந்தால் பட்டியும் சேர்ந்திருக்கிறது. இரண்டு கோட் க்ளியர் சுமார் 50 மைக்ரான்தான். அதில் 10 மைக்ரானுக்கு மேல் தேயாமல் வேலையை முடியுங்கள். க்ளியர் தேய்ந்து துகளில் பேப்பர் பட்டால் அந்த இடம் நிறம் மாறிவிடும், அதன் பிறகு கதவு முழுக்க மறுபடி பேஸ் அடிப்பதைத் தவிர வழியில்லை.

பழைய வண்டிக்கோ, ஒரே கோட்டில் மெட்டாலிக் அடித்த வண்டிக்கோ இதைப் படிப்பவர்கள் முதலில் மறைவான இடத்தில் வெள்ளைத் துணியால் கொஞ்சம் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) தேய்த்துப் பாருங்கள். துணி சாம்பலாக மாறினால் மேலே க்ளியர் இல்லை, பேப்பரைத் தொடவே வேண்டாம்.

வாட்டர்பேப்பர்2000:
செய்முறை சொல்கிறேன். கதவைக் கழுவி, கிளே (அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் கட்டி) போட்டு மண்ணை எடுங்கள். விளிம்பிலும் பாடி லைனிலும் (கதவில் ஓடும் மடிப்புக் கோடு) மாஸ்கிங் டேப் ஒட்டி, அதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளியே தேய்க்கவும். அந்த மேடுகளில் க்ளியர் எப்போதும் மெல்லிசு, முதலில் தேய்ந்து போவது அங்கேதான். பேப்பரைக் கால் மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விடுங்கள்.

விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். சமமான இடத்தில் ரப்பர் பிளாக், வளைவில் மெல்லிய ஸ்பாஞ்ச் பேட். முதலில் 2000. அதில் தோலின் மேடு அசையவில்லை என்றால்தான் அதைவிடச் சொரசொரப்பான 1500. பத்து தடவை இழுத்ததும் தண்ணீரை வழித்துப் பாருங்கள்: மேடு மங்கலாகவும் பள்ளம் மினுமினுப்பாகவும் தெரியும். மினுக்குப் புள்ளிகள் கிட்டத்தட்ட மறைந்ததும் நிறுத்துங்கள். கடைசிப் புள்ளி வரை துரத்த வேண்டாம். கம்பெனி பெயிண்டிலேயே லேசான தோல் உண்டு. முன் பக்கப் ஃபெண்டரோடு ஒப்பிட்டு அந்த அளவில் விட்டால்தான் கதவு தனியாகத் தெரியாது.

பிறகு திசையை மாற்றி 3000. முந்தைய கீறல் முழுக்கப் போன பிறகே ரோட்டரி பாலிஷ் மெஷினில் வுல் பேட் (கம்பளி), கட்டிங் காம்பவுண்ட், 1200 ஆர்பிஎம். ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. கை வைக்க முடியாத சூடு வந்தால் ஆறவிடுங்கள். முடிவில் ஃபோம் பேட், ஃபைன் பாலிஷ். ஒவ்வொரு கட்டத்திலும் குறித்து வைத்த அதே இடங்களில் மீட்டர் வையுங்கள். ஓரத்தில் டேப் எடுத்த பட்டையைக் கையாலேயே பாலிஷ் போடுங்கள்.

மதுரைவண்டி:
நன்றி. அப்படியென்றால் பின் கதவைத் தேய்க்காமல் விடட்டுமா?

பெயிண்ட்பூத்:
ஆமாம், அதை மறுபடி அடிப்பதுதான் முறை. க்ளியரை 800 பேப்பரில் மங்கலாக்கி, பேஸ் இரண்டு மிதமான கோட், பாதிக்குப் பாதி ஓவர்லேப். ஒவ்வொன்றும் பளபளப்பு போய் மங்கிய பிறகே அடுத்தது. கடைசியாக ஸ்ப்ரே கன்னை 25–30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக ஒரு மெல்லிய தூவல் கோட். துகள்கள் சீராகப் படிவது இதில்தான். சில்வரில் இதை விட்டால் திட்டு நிச்சயம். தூசி ஒட்டியிருந்தால் தேய்த்துவிட்டு உடனே க்ளியர் அடிக்காதீர்கள்; அங்கே மறுபடி பேஸ் தூவ வேண்டும்.

க்ளியரில் திரும்பவும் தோல் வராமலிருக்க: நம் ஊர் வெயிலுக்கு ஸ்லோ தின்னர், ஸ்லோ ஹார்டனர், டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி. வேகமான தின்னர் க்ளியர் பரவிச் சமமாகும் முன்பே பறந்துவிடுகிறது. 1.3 நாசில், தூரம் 15–20 சென்டிமீட்டர். எச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடும் கன்) என்றால் ட்ரிகரை அழுத்திய நிலையில், கன்னில் காற்றுக் குழாய் மாட்டும் இடத்தில் சுமார் 2 பார் அழுத்தம். கம்ப்ரசர் மீட்டரை நம்பாதீர்கள், நீளக் குழாயில் அழுத்தம் விழுந்துவிடும்.