குளுவாங் உறவுகள் குழு: கவினின் சபைகூடல் பேச்சு

கலா: ஜூலை 31 வீரர்கள் தினத்துக்குக் கவின் பள்ளிச் சபைகூடலில் பேச வேண்டும். மூன்று நிமிடம். யாரைப் பற்றிப் பேசலாம்?

பவானி: லெப்டினன்ட் அட்னான்?

கலா: அவரை ஏற்கெனவே நான்கு பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள்.

சேகர்: ஆவாங் அனாக் ராவெங். நம் குளுவாங் காட்டில் நடந்தது. இங்கே இருந்துகொண்டு அவரை விடலாமா?

கலா: நான் கேள்விப்பட்டதே இல்லை அண்ணே 😔

சேகர்: சரவாக்கின் ஈபான் பழங்குடிக்காரர். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படைக்குக் கால்தடம் பார்த்து வழி சொல்ல வந்தவர். 1951 மே 27, சுமார் 50 கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து இவர்கள் குழுவைச் சுட்டார்கள். முன்னால் போனவர் அங்கேயே இறந்துவிட்டார். குழுத் தலைவருக்கும் பிழைக்க முடியாத காயம். ஆவாங்குக்குத் தொடை எலும்பில் குண்டு. பின்னால் வந்த சிப்பாய்க்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது.

சேகர்: அந்தத் தொடையோடு, இருவர் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, அந்தச் சிப்பாயைக் காட்டுக்குள் இழுத்துப்போனார். பிறகு காவலுக்குப் படுத்து, நெருங்கி வந்தவர்களை எல்லாம் சுட்டு விரட்டினார். அப்புறம் வலது கையும் குண்டு பட்டு நொறுங்கிற்று.

பவானி: ஐயோ

சேகர்: ஊர்ந்துபோய் அந்தச் சிப்பாயின் பையிலிருந்து ஒரு கையெறிகுண்டை எடுத்தார். பல்லால் பின்னைப் பிடுங்கி, இடது கையில் பிடித்துக்கொண்டார்.

கவின்: மாமா, பின்னைப் பிடுங்கினால் வெடிக்காதா?

சேகர்: பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும், கவின். அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை வெடிக்காது. பிடி தளர்ந்தால் சில விநாடிதான். இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, கட்டுப் போட ஆளில்லை. மயங்கினால் இரண்டு பேருமே முடிந்தார்கள். பட்டாளத்தில் இருந்தவன் சொல்கிறேன், சுடுவதைவிட அந்தப் பிடிதான் கடினம். நெருங்கியவர்களுக்கும் அது தெரியும்.

சேகர்: சுமார் 40 நிமிடம் தாக்கினார்கள். மற்றப் பிரிவினர் நெருங்கவும் பின்வாங்கினார்கள். அந்தச் சிப்பாய் பிழைத்தார். ஆவாங்குக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கம் கொடுத்தார்கள். 2020 செப்டம்பரில்தான் காலமானார், 91 வயதில்.

பவானி: அம்மா குரல் பதிவு போடச் சொன்னார்கள், நானே தட்டச்சு செய்கிறேன். “அப்போது எனக்கு ஒன்பது வயது. தோட்ட லயத்தைச் சுற்றி முள்வேலி. ரப்பர் பால் வெட்டப் போனால் சோறு கட்டிக்கொண்டு போக விடமாட்டார்கள், காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வெறும் வயிற்றோடு அப்பா மதியம் திரும்புவார். சில நாள் வெடிச் சத்தம் கேட்கும், அம்மா எங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். காட்டுக்குள் யார் யாருக்காக அடிபட்டுக் கிடந்தார்கள் என்று இன்றைக்குத்தான் கேட்கிறேன்.”

கலா: 😢 அம்மா, இதையெல்லாம் நீங்கள் சொன்னதே இல்லையே.

கவின்: மாமா, அனாக் என்றால் நம் ஐசியில், அடையாள அட்டையில், நம் பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவில் இருப்பது மாதிரியா?

சேகர்: அதேதான். ராவெங்கின் பிள்ளை ஆவாங்.

பவானி: அம்மா சொல்கிறார்கள்: “அப்போ அப்பா பேரையும் சேர்த்தே சொல்லு தம்பி. பெற்றவருக்கும் அதில் பங்கு உண்டு.”

கவின்: சரி பாட்டி. நாளைக்குப் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறேன். மாமா, அந்த லீவரை எப்படிப் பிடிப்பார்கள் என்று வீட்டுக்கு வந்து காட்டுங்கள்.

சேகர்: நாளை ஐந்து மணிக்கு வருகிறேன்.