‘கான்ஃப்ளிக்ட்ஸ்’, ‘பிரேக்ஸ்’: தமிழில் எப்படி எழுதுவது?

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை கல்லூரி மாணவர்களுக்கு டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) வகுப்பு. கையேடு வெள்ளி காலை அச்சுக்குப் போக வேண்டும்.

மறையாக்க (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும்) மென்பொருள்களை வைத்துத்தான் பாடம். 2017-இல் வந்த டெபியன் 9-ஐ எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகம் (பிற நிரல்கள் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) 1.0.2, 1.1 என இரண்டு பதிப்புகளாக வந்தது. இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ஆனால் நிரலாளர்களுக்கான ‘டெவ்’ பொதிகள் (பொதி: நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்) இரண்டையும் சேர்த்து நிறுவ முடியாது. இரண்டுமே தம் ஹெடர் கோப்புகளை (நூலகத்தைப் பயன்படுத்த நிரலாளருக்கு வேண்டிய அறிவிப்புகள்) ஒரே அடைவில் (கோப்புறையில்) அதே பெயர்களில் கொண்டுவந்து போடுகின்றன.

பொதியின் கட்டுப்பாட்டுக் கோப்பில் (பொதியைப் பற்றிய விவரக் கோப்பு) ‘கான்ஃப்ளிக்ட்ஸ்’, ‘பிரேக்ஸ்’ என்று இரண்டு புலங்கள் உண்டு. பழைய கையேட்டில் இரண்டுக்கும் ‘முரண்’ என்றே இருக்கிறது, மாணவர்கள் குழம்புகிறார்கள். தனித்தனிச் சொல் வேண்டும். ‘சேர்ந்து நிறுவக்கூடியவை’ என்பதற்கும் ஒன்று கிடைத்தால் நல்லது.

தஞ்சாவூரிலிருந்து:

முரண் என்ற சொல்லே இங்கே பொருந்தாது. ‘மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே’ என்பது தொல்காப்பியம். முரண்தொடையில் எதிர்ச்சொற்கள் இரண்டும் செய்யுளில் சேர்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் தொடை. சேர்ந்து நிற்கவே முடியாதவற்றுக்கு அந்தப் பெயரை எப்படிக் கொடுப்பது? ‘பகை’ என்று எழுதுங்கள்.

சேர்ந்திருப்பதற்கு நன்னூலிலேயே சொல் இருக்கிறது: உடனிலை. ஒரே மெய் தன்னோடு தானே மயங்குவது உடனிலை மெய்ம்மயக்கம். பக்கம், அச்சம், பத்து, அப்பம். ரகரமும் ழகரமும் மட்டும் தம்மோடு மயங்கா. உங்கள் நூலகப் பொதி ககரம் போன்றது, இரட்டிக்கும். ‘டெவ்’ பொதி ரகர ழகரங்களைப் போல, இரட்டிக்காது. ஆக முன்னது உடனிலைப் பொதி, பின்னது உடனிலாப் பொதி. இதையே நீட்டினால், பிற மென்பொருளோடு மட்டும் சேர்வதை வேற்றுநிலைப் பொதி எனலாம்.

சென்னையிலிருந்து:

ஐயா, ரசித்துப் படித்தேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வழங்கியை (சர்வரை) மேம்படுத்திக்கொண்டிருப்பவன் திரையில் ‘இந்தப் பொதிக்கு அந்தப் பொதி பகை’ என்று வந்தால் ஜாதகம் பார்க்கத்தான் ஓடுவான்.

இரண்டு புலங்களும் என்ன செய்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். கான்ஃப்ளிக்ட்ஸ் என்றால் ஒன்று கணினியில் இருக்கும்வரை மற்றதை டிபிகேஜி (பொதிகளை நிறுவும் நிரல்) பிரித்துக் கோப்புகளைப் போடவே விடாது. பிரேக்ஸ் அவ்வளவு கறாரில்லை. உடைபடும் பொதியின் ‘அமைத்தாயிற்று’ என்ற நிலையை மட்டும் விலக்கினால் போதும், புதியதைப் பிரிக்கலாம். கோப்புகள் அங்கேயே கிடக்கும். பெரும்பாலும் ‘இன்ன பதிப்புக்கு முந்தியவை’ என்ற நிபந்தனையோடுதான் எழுதுவார்கள், பழையதை மேம்படுத்திவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

அதனால் முதலாவது ‘மோதல்’, இரண்டாவது ‘முறிப்பு’. முடிந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

முறிப்பு என்றால் இங்கே கை காலைத்தான் நினைப்பினம். நாங்கள் கதைக்கிறபோது ‘பழுது’ என்போம். ‘பழுதாக்கும்’ என்று வினையாகவே போடலாமே.

இன்னொன்று. ஜிஎன்யுபிஜியை (மடல்களையும் கோப்புகளையும் மறையாக்கும் மென்பொருள்) பாடத்தில் சேர்க்கிறீர்களா? அதே டெபியன் 9-இல் ‘ஜிபிஜி’ என்ற கட்டளை 2.1 பதிப்புக்குப் போய்விட்டது, பழைய 1.4 ‘ஜிஎன்யுபிஜி1’ என்ற தனிப்பொதி. பழங்காலத்துப் பிஜிபி-2 (அதற்கு முந்திய மறையாக்க மென்பொருள்) சாவிகளை 2.1 கைவிட்டதால், அந்தக் காலத்து மடல்களைத் திறக்க 1.4 தேவை. இரண்டும் சேர்ந்து நிறுவப்படும், டிபிகேஜிக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. சிக்கல் வருவது பயனரின் வீட்டு அடைவில். 2.1 முதன்முறை ஓடுகிறபோது பழைய ரகசியச் சாவிக் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் தன் புதிய அடைவுக்கு நகலெடுத்து, ‘மாற்றியாச்சு’ என்று ஒரு வெற்றுக் கோப்பை அடையாளமாக வைக்கும். பிறகு 2.1-இல் உருவாக்கும் சாவி 1.4-க்குத் தெரியாது, 1.4-இல் உருவாக்கினால் 2.1 திரும்பியும் பாராது. இதை எந்தப் புலமும் சொல்வதில்லை. இதற்கு மோதலும் பொருந்தாது, பழுதும் பொருந்தாது.

தஞ்சாவூரிலிருந்து:

அதற்கு வள்ளுவர் பெயர் வைத்து அதிகாரமே பாடியிருக்கிறார்: உட்பகை.

‘உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள்
பாம்போடு உடனுறைந் தற்று.’

குடங்கர் என்பது குடிசை, அதாவது உங்கள் வீட்டு அடைவு. 1.4-உம் 2.1-உம் ஒரே குடங்கரில் உடனுறைகின்றன. இந்தச் சொல்லின் வேரைப் பார்த்தால்…

சென்னையிலிருந்து:

ஐயா, வெள்ளிக்கிழமை!

மதுரையிலிருந்து:

தாமதமாக நுழைவதற்கு மன்னிக்கவும். ‘மறையாக்கம்’ என்று யார் முடிவு செய்தது? மறை என்றால் வேதம். ‘குறியாக்கம்’ என்றால் என்ன குறை?

பெங்களூரிலிருந்து:

குறியாக்கத்தை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடுக்குக் கொடுத்தாகிவிட்டது அண்ணா. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் எது எழுத்தைப் பற்றியது, எது பூட்டைப் பற்றியது என்று தெரியாது. இந்த இழையில் அதைத் திறக்க வேண்டாம்.

நான் மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘உடன்நிறுவல்’ என்று எழுதிப் பார்த்தேன். எல்லோருக்கும் உடனே புரிகிறது.

தஞ்சாவூரிலிருந்து:

புணர்த்தி எழுதினால் ‘உடனிறுவல்’ ஆகும், அம்மா. படிப்பவர் உடன் + இறுவல் என்று பிரிப்பார். இறுதல் என்றால் முறிதல், அழிதல். சேர்ந்து நிறுவச் சொல்லப்போய்ச் சேர்ந்து அழியச் சொல்கிறீர்கள்.

பெங்களூரிலிருந்து:

புணர்த்தாமல் விட்டால் போகிறது ஐயா. கணினித் தமிழில் பாதிச் சொல்லைப் பிரித்துத்தான் எழுதுகிறோம், தேடினால் கிடைக்க வேண்டுமே.

கோவையிலிருந்து:

சரி, அச்சகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். கான்ஃப்ளிக்ட்ஸுக்கு ‘மோதும்’, பிரேக்ஸுக்குப் ‘பழுதாக்கும்’. நாலு பேர் ஒத்துக்கொண்டீர்கள், போதும். ‘உடன் நிறுவல்’ என்று நடுவில் இடைவெளியோடு போகிறது. ஜிஎன்யுபிஜி சாவி விஷயத்துக்குச் சொல்லே வைக்கவில்லை. யாழ்ப்பாணத்து நண்பரின் விளக்கத்தை அப்படியே ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

தஞ்சாவூரிலிருந்து:

‘உடனிலை’யை அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.

மதுரையிலிருந்து:

‘ரீப்ளேசஸ்’ புலத்துக்கு (வேறொரு பொதியின் கோப்புகள்மேல் எழுத அனுமதிப்பது) என்ன எழுதினீர்கள்?