புதுப்பிப்பு: கோவையிலிருந்து வரும் அக்கா குடும்பத்துக்கு எந்தத் திருவிழா?

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவா, சுசீந்திரம் மார்கழித் தேரா, மண்டைக்காடு மாசிக் கொடையா, எதை வைத்து அக்கா வீட்டாரை நாகர்கோவிலுக்கு அழைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். சுசீந்திரம்தான் முடிவு.

காரணம் மச்சானின் லீவும் பிள்ளைகளின் ஸ்கூலும். சவேரியார் கோயிலில் டிசம்பர் 3 மாறாது, ஆனால் அப்போது பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்கும். மண்டைக்காடு மாசியில் வரும், பரீட்சை நேரம், அதுவும் சரிப்படாது. சுசீந்திரத்துக்கு மார்கழித் திருவாதிரைதான் கணக்கு என்பதால் இங்கிலீஷ் தேதி வருஷத்துக்கு வருஷம் நகரும், டிசம்பர் பிற்பாதியிலோ ஜனவரி முற்பாதியிலோ விழும், அதனால் காலண்டரைப் பார்க்காமல் டிரெயின் டிக்கெட் போடாதீர்கள்.

பலரும் தேருக்கு மட்டும் வரச் சொன்னீர்கள். தேர் ஒன்பதாம் நாள்தான். ஆனால் எனக்குப் பிடித்தது மூன்றாம் நாள் ராத்திரி மக்கள்மார் சந்திப்பு: கோட்டாறு பிள்ளையாரும் வேளிமலை முருகனும் மருங்கூர் முருகனும் அப்பா அம்மாவைப் பார்க்க சுசீந்திரம் வருவார்கள். வீட்டுக்குப் பிள்ளைகள் வந்த மாதிரி ஊரே பரபரப்பாக இருக்கும். இதைச் சொன்னதும் அக்கா, "அப்போ மூணாம் நாளே வந்துருதோம்டா" என்றாள்.

ரூம் நாகர்கோவிலில்தான் எடுக்கிறோம். அது ஐயப்ப சீசன், கன்னியாகுமரியில் மாலை போட்டவர்கள் கூட்டம் நெரியும், வாடகையும் ஏறும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் லீவு, அதனால் செவ்வாய்க்கு வைத்திருக்கிறேன். தோவாளை பூச்சந்தைக்கு விடியும் முன்னே போனால்தான் வியாபாரத்தைப் பார்க்க முடியும், மச்சான் எழுந்திருப்பாரா என்பதுதான் சந்தேகம்.