பென்ஷன் வாங்கி வந்த அப்பாவிடம் பிள்ளைகள் ஒட்டவில்லை, என்ன செய்வது?

பேட்டை மருமகள் எழுதியது:

வணக்கம். நான் வேலூர் மாவட்டம், கணியம்பாடிப் பக்கம். கம்மவான்பேட்டையைப் பலருக்குத் தெரிந்திருக்கும், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருக்கும் ஊர். எங்கள் ஊரும் ஏறக்குறைய அப்படித்தான். மாமனார் பட்டாளம், வீட்டுக்காரரும் பட்டாளம். 17 வருட சர்வீஸ் முடித்து, ஹவில்தாராக பென்ஷன் வாங்கிக்கொண்டு தை மாதம் வந்தார். இப்போது ஆனி.

கல்யாணமாகி 14 வருடம் ஆகிறது. செகந்திராபாத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்த இரண்டரை வருடம் சேர்ந்து இருந்தோம். மற்றபடி லீவுதான். வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. வீடு கட்டியது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், பிள்ளைகள் பள்ளி, மோட்டார் ரிப்பேர், பேங்க் லோன் எல்லாம் நான்தான் பார்த்தேன். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8.

லீவில் வந்தால் வீடே திருவிழா மாதிரி இருக்கும். இப்போது அப்படி இல்லை. காலை நாலரைக்கு எழுந்துவிடுகிறார். பிள்ளைகளின் போர்வை மடிப்பு கலைந்திருந்தால் கூப்பிட்டு மடிக்கச் சொல்கிறார். மகன் போன மாதம் என்னிடம், “அப்பாவுக்கு லீவு எப்ப முடியும்?” என்று கேட்டான். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கேட்டிருக்கும்.

போன வாரம் மகளுக்குப் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பேப்பரை எடுத்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டார். அவள் எழுந்து சமையல்கட்டுக்கு வந்து என்னிடம் நீட்டினாள். நானும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால், அவர் பேனாவை மெதுவாக மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கொண்டுவந்த கறுப்பு டிரங்குப் பெட்டி, வெள்ளைப் பெயின்ட்டில் நம்பரும் பெயரும் எழுதியது, ஆறு மாதமாக ஹாலில் பூட்டியபடியே கிடக்கிறது. துணி எடுத்து பீரோவில் வைக்கச் சொன்னால், அப்புறம் என்கிறார். ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. குடிப்பழக்கம் கிடையாது.

எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படியா? இதைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா? நான் எங்கேயோ தவறவிட்டுவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

சுபேதார் ஐயா எழுதியது:

அம்மா, மனசை விட்டுவிடாதே. நான் வந்தபோது எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. யூனிட்டில் காலை பி.டி. உடற்பயிற்சி முதல் ராத்திரி ஆள் எண்ணும் ரோல்கால் வரை எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு காலை பத்து மணிக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. மனைவி அடுப்பங்கரையில், பிள்ளைகள் பள்ளியில், நான் வாசலில். போர்வை மடிக்கச் சொல்வது அதிகாரம் இல்லையம்மா. அவருக்குத் தெரிந்த ஒரே வீட்டு வேலை அதுதான்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டாரா என்று கேள். வேலைவாய்ப்பு, பிள்ளைகள் படிப்பு உதவி எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அங்கே போனால் அவர் மாதிரி நாலு பேரையும் பார்ப்பார். எனக்கு அதுதான் பெரிய ஆறுதலாக இருந்தது.

சிப்பாய் மகள் எழுதியது:

அக்கா, நான் பட்டாளத்தில் நாயக் ரேங்கில் இருந்தவரின் மகள். சென்னையில் ஒரு பள்ளியில் குழந்தைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். பேனா விஷயத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எனக்கு எதுவும் எழுத வரவில்லை. எங்கள் வீட்டில் அது ரேங்க் கார்டு. அப்பா ஊரில் இருக்கும்போதே அம்மாவிடம் நீட்டியவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. கை பழகின பக்கம் போனது.

ஆராய்ச்சி நிறைய இருக்கிறது, பெரும்பாலும் அமெரிக்காவில். ரூபன் ஹில் என்ற சமூகவியலாளர், இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்தவர்களின் குடும்பங்களை, அயோவா மாநிலத்தில் 135 குடும்பங்களை, ஆராய்ந்து 1949-ல் வெளியிட்டார். பிரிந்து போவது ஒரு நெருக்கடி, திரும்பி வந்து சேர்வது தனியாக இன்னொரு நெருக்கடி என்று அவர் பார்த்தார். உங்களுக்கு முக்கியமானது இதுதான்: ஆள் இல்லாத இடத்தை இறுக்க மூடிக்கொண்டு நன்றாகச் சமாளித்த குடும்பங்களுக்கு, போருக்குப் போனவர் திரும்பி வந்தபோது அந்த இடத்தை மறுபடி திறந்துவிடுவது கஷ்டமாக இருந்தது. நீங்கள் தவறவிடவில்லை அக்கா. 14 வருடம் நீங்கள் வீட்டை அவ்வளவு நன்றாக ஓட்டியதால்தான் இன்றைக்கு அவருக்கு நுழைய வழி தெரியவில்லை.

பாலின் பாஸ் என்ற குடும்ப ஆய்வாளர் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தார். ஆள் வீட்டில் இல்லை, ஆனால் நினைப்பில் இருக்கிறார். இந்த இரண்டுங்கெட்டான் நிலையைத் தெளிவில்லாத இழப்பு என்று அவர் எழுதினார். இதற்கு நேரெதிரான நிலையையும் சொன்னார்: ஆள் வீட்டிலேயே இருக்கிறார், மனசு அங்கே இல்லை. பூட்டிய டிரங்குப் பெட்டியை நீங்கள் எழுதியிருந்தது எனக்கு இதைத்தான் நினைவுபடுத்தியது.

பிள்ளைகளைப் பற்றி: ரேண்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிதா சந்திரா குழு 2010-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 11 முதல் 17 வயது வரை 1,507 பிள்ளைகள். பட்டாளத்தில் இருந்த அப்பாவோ அம்மாவோ எவ்வளவு மாதம் பிரிந்திருந்தார் என்பதும், வீட்டில் இருந்து வளர்த்தவரின் மனநலம் எப்படி இருந்தது என்பதும் பிள்ளைகளின் சிரமத்தோடு சேர்ந்தே போயின. பிரிந்திருந்த காலத்தில் மட்டும் இல்லை, அவர் திரும்பி வந்த பிறகும். இது ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்து அமெரிக்கக் குடும்பங்களின் கணக்கு. நம் வீட்டில் மாமியார், தாத்தா, தெருவே பட்டாளம் என்று வேறு தாங்கல் உண்டு, அதனால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வளர்த்தவரின் மனநலம் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவில் எல்லாருடைய தூக்கத்தையும் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. பிள்ளைகளுக்காகவாவது நீங்கள் ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குங்கள்.

அப்புறம், அவரிடம் கூடமாட உதவி கேட்காதீர்கள். ஒரு வேலையை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். பள்ளிக் கட்டணம் என்றால் கட்டணம், ரசீது, வகுப்பாசிரியரைப் பார்ப்பது எல்லாமே அவர். தப்பாகச் செய்தாலும் நடுவில் போகாதீர்கள், அதுதான் கஷ்டம். மகளை உட்காரவைத்து அப்பாவோடு பேசு என்று சொல்ல வேண்டாம். என் அப்பா வந்த வருடம் என்னைச் சைக்கிளில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விட ஆரம்பித்தார். நாலு கிலோமீட்டர். முதல் மாதம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வியர்வையில் அவர் முதுகில் சட்டை ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே போவேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, ஒரு நாள் நானே கேட்டேன், லடாக்கில், லேயில் தண்ணீர் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடுமா என்று. சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்கி நின்று, பதில் சொன்னார்.

வார்டு சிஸ்டர் எழுதியது:

நான் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் தூக்கத்தை மட்டும் பழகிவிடும் என்று விடாதீர்கள். எப்படித் தூங்கவில்லை என்று பாருங்கள். படுத்தும் தூக்கம் வராமல் புரள்வது வேறு, திடுக்கிட்டு எழுவது, சத்தத்துக்கு உதறுவது, பழைய இடம் கண்ணுக்கு முன்னால் வருவது வேறு. இரண்டாவது என்றால், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்-ன் பாலிகிளினிக்கில் டாக்டரிடம் சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். கார்டு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் செல்லும். அவர் வர மறுத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள். படைவீரர்களுக்கும் குடும்பத்துக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் (ஏஎஃப்எம்சி) 2023 டிசம்பரில் அதற்குத் தனிப் பிரிவு தொடங்கினார்கள். மனசுக்கு மருந்து என்றால் எங்கள் ஆட்கள் கூசுவார்கள். முதலில் தூக்கத்துக்கு என்று சொல்லிக் கூட்டிப் போங்கள்.

பேட்டை மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர் சொன்னபடி இரண்டு ராத்திரி கவனித்தேன். திடுக்கிட்டு எழுவதில்லை. மொட்டைமாடியில் மூன்று மணி வரை நடக்கிறார். முதல்முறையாக நானும் மேலே போய் உட்கார்ந்தேன். கூட இருந்த ஒருவர் அருணாசலப் பிரதேசத்தில், தவாங்கில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனதை மட்டும் சொன்னார். 2019-ல் நடந்ததாம். அன்றைக்கு போனில் என்னிடம் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டிருப்பார். வெள்ளிக்கிழமை பாலிகிளினிக் போகிறோம், எனக்கும் பி.பி. பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

பள்ளிக் கட்டணத்தை அவரிடமே விட்டுவிட்டேன். மகனுக்கு வேன் வேண்டாம், நான் கொண்டு விடுகிறேன் என்று அவரே சொன்னார். எங்களிடம் டிவிஎஸ் எக்ஸெல் இருக்கிறது. மகன் நேற்று முன்னால் நின்றுகொண்டு போனான். மகள் இன்னும் என்னிடம்தான் வருகிறாள். சிப்பாய் மகள், உங்களுக்கு எத்தனை மாதம் ஆயிற்று, எழுதுவீர்களா?

சிப்பாய் மகள் எழுதியது:

சைக்கிள் ஆரம்பித்து ஏழாவது மாதம் அக்கா. கணக்கில் 38 மார்க் வாங்கிய ரேங்க் கார்டு. அம்மாவிடம் காட்டப் பயமாக இருந்தது, அவரிடம் நீட்டினேன்.